நரம்பும் தந்தியும்

சென்ற மார்கழி மாதத்தில் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு, மயிலாப்பூரிலிருந்து என் அத்தை டெலிபோனில் கூப்பிட்டாள். "தந்தி போயிடுத்துடா" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தந்தி என்ற சொல்லைக் கேட்டவுடனேயே, உறையைப் பிரிக்காமலே ஒப்பாரி தொடங்கிவிடுகிற தெரு ஒன்றில் வளர்ந்தவன் நான். தேசம் முழுவதும் தந்திச் சேவையை 2013-ம் வருஷம் ஜூலை மாதத்தில் மூடிவிட்டார்கள். இருந்தாலும் அந்தப் பழைய திகில் என்னை விட்டுப் போகவில்லை. கொஞ்சம் சமாளித்துக்கொண்டு விசாரித்ததில், அத்தையின் வீணையில் சாரணித் தந்தி அறுந்து போய்விட்டது என்று தெரிந்தது.

அத்தைக்கு வயது எழுபத்தெட்டு. மார்கழியில் விடியற்காலையில் வீணையைத் தொடாமல் அவள் காப்பி சாப்பிட்டதாகச் சரித்திரம் இல்லை. ஆகையினால் நான் அன்றைய எழுத்து வேலையை ஒத்திப் போட்டுவிட்டு, கபாலி கோயிலுக்குச் சமீபத்தில் ஒரு சந்திலிருக்கும் சிறு கடைக்குப் போனேன். கடைக்காரர் பெரியவர். மூக்குக் கண்ணாடியை நெற்றியின் மேல் ஏற்றிக்கொண்டு, "யாருக்கு சார், வாசிக்கிறவங்களுக்கு என்ன வயசு?" என்று கேட்டார். செருப்புக் கடையில் அளவு கேட்பது போல் இருந்தது. சொன்னேன். விரல் மூட்டுகளில் இரண்டு வருஷமாக வலி என்பதையும் சொன்னேன்.

"அப்படின்னா வழக்கமான சாரணி வேண்டாம், சார். கிடாருக்குப் போடற கம்பியிலே ஒண்ணு இருக்கு. ஒரு மயிரிழை மெல்லிசு. இழுக்கறது சுலபம். ஆனா அம்மா ஒத்துக்கணும்."

அந்தக் கடைசி வாக்கியந்தான் என்னைச் சிந்தனையில் ஆழ்த்திவிட்டது. காகிதப் பொட்டலத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மாட வீதியில் நடந்து வரும்போது, ஒரு கம்பி கொஞ்சம் மெலிந்தால் என்ன, தடித்தால் என்ன, அதற்கு யார் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று யோசித்தேன். யோசிக்க யோசிக்க, நமது சங்கீதத்தின் சரித்திரத்தில் ஒரு பெரும் பகுதி இந்தக் கேள்விக்குள்ளேயே அடங்கியிருப்பதாகத் தோன்றியது. எத்தனை தந்தி, எதனால் செய்த தந்தி, எவ்வளவு இறுக்கம், தந்திக்கு அடியில் என்ன இருக்கவேண்டும்? இந்த நாலு விஷயங்களை மாற்றி மாற்றிப் பார்த்தவர்களின் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். அதில் பாதிக் கதை மயிலாப்பூரையும் அடையாற்றையும் தொட்டுக்கொண்டு போகிறது.

முதலில் பெயரைப் பார்ப்போம். நம்முடைய முன்னோர்கள் தந்தி என்று சொல்லவில்லை, நரம்பு என்றார்கள். யாழின் நரம்பு என்றால் அந்தக் காலத்தில் அது வெறும் உவமையன்று. உயிருள்ள பிராணியின் உடம்பிலிருந்து எடுத்து முறுக்கியதே வாத்தியத்தில் ஏறிற்று. சுரத்துக்கே 'நரம்பு' என்று பெயர் உண்டாயிற்று. ஏனென்றால் யாழில் ஒரு நரம்புக்கு ஒரு சுரம். ஏழு சுரம் வேண்டுமானால் ஏழு நரம்பு. இரண்டு ஸ்தாயி வேண்டுமானால் பதினாலு நரம்பு. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார் நால்வகை யாழுக்குக் கணக்குக் கொடுக்கிறார்: பேரியாழுக்கு 21 நரம்பு, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7. கடற்கரையில் மாதவி யாழ் மீட்டிப் பாடியதால் ஒரு குடும்பமே குலைந்து போன கதையைப் படிக்கிற நாம், அந்த யாழைக் கண்ணால் பார்த்ததில்லை. வாத்தியம் அடியோடு மறைந்துவிட்டது. கணக்கு மட்டும் ஏட்டில் தங்கிற்று.

அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு வாத்தியத்தைத் திரும்ப உண்டாக்க முடியுமா என்று ஒருவர் முயன்றார். அவர் இலங்கையில் மட்டக்களப்புப் பகுதியிலுள்ள காரைதீவில் 1892-ம் வருஷம் பிறந்தவர். இயற்பெயர் மயில்வாகனம். விஞ்ஞானம் படித்துப் பட்டம் பெற்றவர். 1922-ல் மயிலாப்பூர் ராமகிருஷ்ண மடத்துக்கு வந்து சேர்ந்தார். 1924-ல் சந்நியாசம் பெற்று விபுலானந்தர் ஆனார். மயிலாப்பூரில் இருந்த காலத்தில் மடத்தின் 'ராமகிருஷ்ண விஜயம்', 'வேதாந்த கேசரி' என்ற பத்திரிகைகளுக்கு ஆசிரியராக இருந்தார். பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக விளங்கினார். பல வருஷங்கள் உழைத்து அவர் எழுதியதுதான் 'யாழ் நூல்'. அதில் பழந்தமிழ்ச் செய்யுளும் இருக்கிறது, கணித சாஸ்திரமும் இருக்கிறது. எந்த நரம்பு எந்தச் சுரத்தில் நின்றது, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் எவ்வளவு இடைவெளி என்பதையெல்லாம் ஒரு விஞ்ஞானியின் பொறுமையோடு அவர் கணக்கிட்டார்.

கரந்தைத் தமிழ்ச் சங்கத்தார் பதிப்பித்த அந்த நூல் 1947-ம் வருஷம் ஜூன் 5, 6 தேதிகளில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. விபுலானந்தர் கணக்கிட்டு அமைத்த யாழ்களையும் வீணைகளையும் ஊர்வலமாக எடுத்துச் சென்றார்கள். தஞ்சை நால்வர் பரம்பரையில் வந்த க. பொ. சிவானந்தம் பிள்ளை மீட்டிக் காட்டினார். ஆறு வாரங்கள் கழித்து, ஜூலை 19-ந் தேதி, விபுலானந்தர் காலமானார்.

கதாசிரியனாகிய எனக்கு இந்த இடத்தில் பேனா சற்று நின்றுவிடுகிறது. எத்தனையோ நூற்றாண்டுகள் மௌனமாகக் கிடந்த ஒரு வாத்தியத்தின் ஒலியை ஒருவர் கணக்குப் போட்டு மீட்டார், அந்த ஒலியைக் காதால் கேட்டார், பிறகு போய்விட்டார். ஆனால் யாழ் மறுபடியும் கச்சேரி மேடைக்கு வந்துவிட்டதா? வரவில்லை. ஆர்வமுள்ள இளைஞர்கள் அவ்வப்போது யாழ் செய்து வாசித்துக் காட்டுகிறார்கள். அது மகிழ்ச்சிக்குரிய விஷயமே. இருந்தாலும் தியாகராஜ கீர்த்தனையை யாழில் கேட்க ரசிகர்கள் டிக்கெட் வாங்குவதில்லை. அதற்கு எனக்குத் தெரிந்த காரணம் நம் காதுதான்.

நம் காது கமகத்துக்குப் பழகிய காது. தோடி ராகத்துக் காந்தாரத்தைப் பாருங்கள். அது ஓர் இடத்தில் நிற்கிறதா? கோயில் மணியின் நாக்கைப் போல இங்கும் அங்கும் போய் வந்துகொண்டேயிருக்கிறது. அந்த ஊசலாட்டத்தை நீக்கிவிட்டு வெறும் சுரத்தை மட்டும் நிறுத்தினால், அது தோடியாகாது. மனிதக் குரலுக்கு இது இயற்கை. ஒரு நரம்புக்கு ஒரு சுரம் என்று ஏற்பட்ட வில் யாழுக்கோ மிகவும் கஷ்டம். பர்மா தேசத்தில் வில் யாழ் இன்றைக்கும் உயிரோடிருக்கிறது, 'சௌங்' என்று பெயர், 16 நரம்பு. முன்பு பட்டு நூலை முறுக்கிக் கட்டினார்கள், இப்போது நைலான். அங்கே அது ராஜ வாத்தியம். அந்த நாட்டுச் சங்கீதம் அதனிடம் கேட்பதை அது கொடுத்துவிடுகிறது. நம் சங்கீதம் கேட்டது வேறு. 21 நரம்பு வேண்டாம், ஒரே நரம்பு போதும். ஆனால் அது வளைந்து கொடுக்க வேண்டும் என்று கேட்டது.

இந்தக் கோரிக்கைக்குக் கிடைத்த பதில்தான் வீணை.

வீணை மிகப் பழைய பெயர். ஆனால் இன்று நம் வீட்டில் ஜமக்காளத்தின் மேல் படுத்திருக்கும் வீணைக்கு உருவம் கிடைத்தது தஞ்சாவூரில். 1600-ம் வருஷத்தை ஒட்டிப் பட்டத்துக்கு வந்த ரகுநாத நாயக்கரின் காலம் அது. அவருடைய மந்திரி கோவிந்த தீட்சிதர் சங்கீத சாஸ்திரத்திலும் நிபுணர். அதற்கு முன்னால் ராகத்துக்கு ராகம் மெட்டுக்களை நகர்த்தி வைத்துக்கொள்ளும் வீணைகளும் வழக்கத்தில் இருந்தன. ஸ்தாயிக்குப் பன்னிரண்டு வீதம் இரண்டு ஸ்தாயிக்கு 24 மெட்டுக்களை நிலையாகப் பதித்து, எந்த ராகமானாலும் எதையும் நகர்த்தாமல் வாசிக்கும்படியான ஏற்பாடு ரகுநாதர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. சுரம் பேசும் தந்தி நாலு: சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம். பக்கத்தில் தாளத்துக்கும் சுருதிக்கும் மூன்று. ஆக ஏழு.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனிக்க வேண்டும். மெட்டுப் பதித்தவுடன் ஒவ்வொரு சுரத்துக்கும் வீடு கட்டிக் கொடுத்தாகிவிட்டது. ஆனால் வித்வான் அந்த வீட்டுக்குள் அடங்குவதில்லை. ஒரு மெட்டின் மேல் விரலை வைத்துத் தந்தியைப் பக்கவாட்டில் இழுக்கிறார். அடுத்த சுரம் அங்கேயே பிறக்கிறது. மெட்டு உயரமாக, மெழுகுப் படுக்கையின் மேல் நிற்பதால் தந்தியை இழுக்க இடம் இருக்கிறது. வீணையின் உயிர் இந்த இழுப்பிலே இருக்கிறது.

இழுப்புக்குக் கணக்கு உண்டு. பிரான்ஸ் தேசத்துப் பாதிரியார் மெர்ஸென் என்பவர் 1636-ல் வெளியிட்ட நூலில் தந்தியின் விதிகளைச் சொல்லியிருக்கிறார். நீளம் குறைந்தால் சுருதி ஏறும். கனம் கூடினால் சுருதி இறங்கும். இறுக்கம் கூடினால் ஏறும். ஆனால் இறுக்கத்தின் விஷயத்தில் ஒரு கஞ்சத்தனம் இருக்கிறது. சுருதி இரண்டு மடங்கு ஏற வேண்டுமானால் இறுக்கம் நாலு மடங்காக வேண்டும். ஷட்ஜத்திலிருந்து சதுச்ருதி ரிஷபத்துக்கு ஒரே மெட்டில் இழுத்தால், தந்தியின் இறுக்கம் ஏறக்குறையக் கால் பங்குக்கு மேல் கூட வேண்டும். ஷட்ஜத்திலிருந்து பஞ்சமம் வரையில் இழுத்தால் இறுக்கம் இரண்டே கால் மடங்கு! அவ்வளவையும் ஒரு மனிதனுடைய இரண்டு விரல்கள் செய்ய வேண்டும். தந்தியும் அறாமல் தாங்க வேண்டும். மிருகத்தின் நரம்பினால் இது ஆகக்கூடிய காரியமன்று. உலோகத் தந்தி வேண்டியிருந்தது. 19-ம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பியானோவுக்காக உருக்குக் கம்பி இழுக்கும் தொழில் அபாரமாக வளர்ந்தது. ஜெர்மனியில் ரோஸ்லாவ் என்ற ஊரின் பெயரைத் தாங்கிய கம்பியை நமது சிதார் வித்வான்களும் தேடி வாங்குவார்கள். இந்தக் கணக்கைப் புரிந்துகொண்ட பிறகுதான், கடைக்காரர் அத்தையின் வயதை எதற்காகக் கேட்டார் என்பது எனக்கு விளங்கிற்று. மெலிந்த கம்பி அதே சுருதிக்குக் குறைந்த இறுக்கத்தில் நிற்கும். கிழ விரலுக்கு அது தயவு காட்டும்.

இந்த இழுப்பை எல்லைவரைக்கும் கொண்டுபோய்ப் பார்த்தவர் எஸ். பாலசந்தர். 1927-ல் பிறந்தவர். குருவிடம் உட்கார்ந்து கற்காமல் தாமே வீணையைப் பழகிக்கொண்டவர். சினிமா நேயர்களுக்கு அவரை வேறு விதமாகத் தெரியும். 1954-ல் வெளியான 'அந்த நாள்' படத்தின் டைரக்டர் அவர்; பாட்டே இல்லாத தமிழ்ப் படம் என்று பெயரெடுத்த படம் அது. பாட்டில்லாமல் படம் எடுத்த அந்த மனிதர், வீணையைக் கையில் எடுத்தால் பாடாமல் விடமாட்டார். மெட்டுக்கு மெட்டுத் தாவுவதைக் குறைத்து, ஒரே மெட்டில் தந்தியை இழுத்து இழுத்துச் சுரங்களை வரிசையாக வரவழைப்பது அவருடைய வழி. "இது வீணையின் பாணியா?" என்று கேட்டவர்கள் உண்டு. "குரல் இப்படித்தானே போகிறது?" என்று அந்த வாசிப்பே அவர்களுக்குப் பதில் சொல்லிற்று.

இழுப்பது ஒரு வழி. இன்னொரு வழியும் இருக்கிறது. இழுப்பதற்குத் தடையாக நிற்கும் மெட்டுக்களையே பெயர்த்து எறிந்துவிடுவது! வீணையைப் போன்ற உடம்பு, ஆனால் மெட்டு ஒன்றுகூடக் கிடையாது. இடக்கையில் ஒரு வழவழப்பான கட்டையைப் பிடித்துத் தந்தியின் மேல் வழுக்கிக்கொண்டே போக வேண்டும். இதுதான் கோட்டு வாத்தியம். சித்திரவீணை என்றும் சொல்வார்கள். திருவிடைமருதூர் சகாராம ராவ் இதைக் கச்சேரி மேடையில் நிலைநிறுத்தியவர். செம்மங்குடி சீனிவாசய்யர் சிறு பிராயத்தில் அவரிடம் சிட்சை பெற்றார் என்பதை ரசிகர்கள் அறிவார்கள். ஒரு பாடகர், தந்தி வாத்தியக்காரரிடம் பாட்டுக் கற்றுக்கொண்டார்! வாத்தியமும் வாய்ப்பாட்டும் எவ்வளவு நெருங்கிய உறவு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

அடையாற்றில் ருக்மிணி தேவி அருண்டேல் 1936-ல் தொடங்கிய கலாக்ஷேத்திராவில் பல வருஷம் ஆசிரியராக இருந்தவர் பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள். அவரும் கோட்டு வாத்தியத்தில் தேர்ந்தவர். மைசூர் சமஸ்தானத்து வித்வானாயிருந்த நாராயண அய்யங்கார் இந்த வாத்தியத்தின் தந்திகளிலேயே கை வைத்தார். வாசிக்கும் தந்திகளுக்கு அடியில் மெல்லிய தந்திகளை இன்னொரு வரிசையாகக் கட்டினார். அவற்றை யாரும் மீட்டுவதில்லை. மேலே ஒரு சுரம் பேசும்போது, அதே சுரத்தில் சேர்த்து வைத்த அடித்தந்தி தானாக அதிர்ந்து பின்பாட்டுப் பாடும். கட்டை வழுக்கிப் போகும் வாத்தியத்தில் ஒலி சீக்கிரம் மங்கிவிடும் குறையை இது நிவர்த்தித்தது. இன்றைய சித்திரவீணையில் மொத்தம் 20 அல்லது 21 தந்திகள் இருக்கின்றன.

இருபத்தொன்று! பேரியாழின் கணக்கும் அதுவே என்பது வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆனால் எண்தான் ஒன்று, ஏற்பாடு நேர்மாறு. பேரியாழில் இருபத்தொரு நரம்பும் சொந்தச் சுரத்தைப் பேசின. பேச்சு ஒவ்வொன்றும் தனித்தனி. சித்திரவீணையில் தலைமைத் தந்தியே கதை முழுவதையும் பேசிக்கொண்டு போகிறது. மற்றவை பெரும்பாலும் ஆமோதிக்கின்றன. ஹவாய்த் தீவுகளில் 19-ம் நூற்றாண்டின் கடைசியில் ஜோசப் கெகுகு என்ற இளைஞன் கிடார்த் தந்தியின் மேல் உருக்குத் துண்டை வழுக்கிப் பார்த்ததும், அந்த ஹவாய் கிடாரை வட இந்தியாவில் விஸ்வ மோகன் பட் எடுத்து, அடித்தந்திகளைக் கட்டி 'மோகன வீணை' ஆக்கியதும் இந்த ஜாதியைச் சேர்ந்த காரியங்களே.

தந்தி எத்தனை என்று பார்த்தோம். தந்திக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்தவர் ஒரு பெரியவர். அவர் பெயரைச் சொன்னால் வாசகர்கள் ஆச்சரியப்படமாட்டார்கள். அவர் எதையும் பார்க்காமல் விட்டவரல்ல. சென்னை பிரஸிடென்ஸி காலேஜில் 1904-ல் பி. ஏ. யும் 1907-ல் எம். ஏ. யும் தேறிய சந்திரசேகர வெங்கட ராமன் அவர். மனைவி லோகசுந்தரி அம்மாள் வீணை வாசிக்கக் கூடியவர். தமையனார் சுப்பிரமணிய அய்யர் பிடில் வாசித்தவர். கர்நாடக சங்கீதத்தைப் பற்றிப் புத்தகம் எழுதியவர். அவர் மயிலாப்பூர் எட்வர்ட் எலியட்ஸ் ரோட்டில் கட்டிய 'சந்திர விலாஸ்' வீட்டில்தான், பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற அவருடைய மகன் எஸ். சந்திரசேகர் வளர்ந்தார். ஆகவே பௌதிகமும் சங்கீதமும் அந்தக் குடும்பத்தில் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருந்தன.

தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடத்தில் அசையாமல் நிற்க வேண்டிய உப சுரங்கள் எழா என்பது மேனாட்டு விஞ்ஞானிகள் சொன்ன விதி. நட்ட நடுவில் மீட்டினால் இரண்டாவது உப சுரம் கேட்கக் கூடாது. கிடாருக்கும் பியானோவுக்கும் இது சரி. ராமன் தம்பூராவையும் வீணையையும் எடுத்துச் சோதித்துப் பார்த்தார். கேட்கக் கூடாத உப சுரம் கணீரென்று கேட்டது! 1921-ல் வெளியிட்ட கட்டுரையில் அதற்குக் காரணத்தையும் சொன்னார். மேல்நாட்டு வாத்தியத்தில் குதிரையின் முனை கூர்மையாக இருக்கும். தந்தி அந்த ஒரே இடத்தில் நிற்கும். நம் வீணையின் குதிரைமேல் லேசாக வளைந்த உலோகத் தகடு இருக்கிறது. தந்தி அதிரும்போது அந்த வளைவின்மேல் படிந்தும் விலகியும் ஒட்டி விளையாடுகிறது. தம்பூராவில் குதிரைக்கும் தந்திக்கும் நடுவில் ஒரு நூலைச் செருகுகிறோமே, அதுவும் இந்த விளையாட்டுக்காகத்தான். அந்த நூலுக்கு நம்மவர்கள் 'ஜீவா' என்று பெயர் வைத்தார்கள். விதியை மீறிய அந்த நூலின் ரகசியம், அதற்குப் பெயர் வைத்தவருக்குக் காதால் தெரிந்திருந்தது. ராமன் அதைக் கணக்கால் சொன்னார்.

வாத்தியங்களைச் சோதிப்பதற்கென்றே சென்னையில் ஓர் ஸ்தாபனமும் ஏற்பட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் சங்கீதம் போதித்த பேராசிரியர் பி. சாம்பமூர்த்தி 1931-ல் ஜெர்மனிக்குப் போய்ப் படித்து வந்தவர். 1950-களில் அகில இந்தியக் கைத்தொழில் வாரியத்தின் ஆதரவில் சங்கீத வாத்யாலயா தோன்றியபோது அவர் அதற்கு வழிகாட்டினார். பழைய வாத்தியங்களைச் சேகரிப்பது, புதியனவற்றைச் செய்து பார்ப்பது என்பது நோக்கம். அருமையான நோக்கம். ஆனால் சோதனைச் சாலையில் பிறந்த வாத்தியங்களுக்கும் சபாவில் வளர்ந்த வாத்தியங்களுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அதைக் காட்டியவர் ஒரு சிறு பையன்.

ஆந்திர தேசத்தில் பாலக்கொல்லு என்ற ஊரில் 1969-ல் பிறந்தான் அந்தப் பையன். தகப்பனார் வைத்திருந்த மாண்டலினை ஆறாவது வயதில் கையில் எடுத்தான். மாண்டலின் இத்தாலிய தேசத்துச் சரக்கு. நம் நாட்டில் சினிமா வாத்தியக் கோஷ்டியில் ஓர் ஓரத்தில் 'டிரிங் டிரிங்' என்று கேட்கும், அவ்வளவுதான். அதில் எட்டுத் தந்தி. இரண்டிரண்டாக நாலு ஜோடி. குட்டையான தந்தி, சின்னக் குடம், சட்டென்று மறைந்து போகும் ஒலி. கமகத்துக்கும் அதற்கும் ஏழாம் பொருத்தம். தந்தியை இழுக்கப் போனால் ஜோடியில் ஒன்று ஒரு விதமாகவும் மற்றொன்று வேறு விதமாகவும் இறுகும்; இரண்டும் சண்டை போடும்.

பையனுக்கு வாய்த்த குரு ருத்ரராஜு சுப்பராஜு. செம்பை வைத்தியநாத பாகவதரின் சிஷ்யர். அவருக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது! அவர் பாடுவார், பையன் அதை வாத்தியத்தில் தேடிப் பிடிப்பான். மாண்டலின் தெரிந்த ஒருவர் கிடைத்திருந்தால், மாண்டலினுக்கு எது வரும், எது வராது என்று முதல் நாளே சொல்லிக் கொடுத்திருப்பார். இவருக்கு அது தெரியாததனால், குரல் என்ன செய்ததோ அதை வாத்தியமும் செய்தே தீர வேண்டும் என்றாகிவிட்டது.

தீர்வு எளிமையானது. மின்சார மாண்டலினை எடுத்துக்கொண்டு, ஜோடிகளைப் பிரித்து ஒற்றைத் தந்தியாக்கி, அவற்றோடு இன்னும் ஒன்றைச் சேர்த்துக்கொண்டார் ஸ்ரீநிவாஸ். எட்டிலே நாலு போய், ஒன்று கூடி, ஐந்து. ஒற்றைத் தந்தியை வேண்டிய மட்டும் இழுக்கலாம்; சண்டைக்கு ஜோடி இல்லை. மங்கிப்போகும் ஒலியை மின்சாரம் தாங்கிப் பிடித்தது. 1981-ம் வருஷம் டிசம்பர் சீஸனில் இந்தியன் பைன் ஆர்ட்ஸ் சொஸைட்டியில் அவர் வாசித்தபோது வயது பன்னிரண்டு. "கர்நாடக சங்கீதத்துக்கு மாண்டலினா?" என்று புருவத்தை உயர்த்தியவர்கள் புருவத்தை இறக்குமுன் ஆலாபனை முடிந்துவிட்டது. அவருடைய பெயருக்கு முன்னால் வாத்தியத்தின் பெயரே பட்டமாக ஒட்டிக்கொண்டது. 2014-ம் வருஷம் செப்டம்பர் 19-ந் தேதி சென்னையில் அவர் காலமானபோது வயது 45. நானும் ஏறக்குறைய அந்த வயதுக்காரன். தியாகராய நகரில் ஒரு சபாவில், கால்சட்டை போட்ட வயதில், அப்பாவின் மடியில் பாதியும் நாற்காலியில் பாதியுமாக உட்கார்ந்து அவர் வாசிப்பைக் கேட்டவன். அன்று வீட்டுக்குத் திரும்பும்போது அப்பா சொன்னார்: "வாத்தியமா அது? சாகித்யம் காதிலே விழறதுடா!"

இந்தக் கதைகளையெல்லாம் வரிசையாக நிறுத்திப் பார்க்கும்போது ஒன்று தெரிகிறது. மெட்டைப் பதித்த ரகுநாத நாயக்கரும் அதைப் பெயர்த்த கோட்டு வாத்தியக்காரரும் எதிரெதிர்க் காரியம் செய்தவர்கள். அடித்தந்தி கட்டிய நாராயண அய்யங்கார் கூட்டினார். ஜோடியைப் பிரித்த ஸ்ரீநிவாஸ் கழித்தார். வழி வேறாயிருந்தாலும் எல்லாரும் தேடிப் போனது மனிதத் தொண்டையின் வளைவைத்தான். அந்த வளைவைக் கொடுத்த மாறுதலை, அது ஹவாயிலிருந்து வந்தாலும் இத்தாலியிலிருந்து வந்தாலும், கோத்திரம் கேட்காமல் சபை ஏற்றுக்கொண்டது. கொடுக்க முடியாத யாழை, நம் சொந்த யாழாயிருந்தும், காவியத்துக்குள் வைத்துப் பூட்டிவிட்டது. கொஞ்சம் ஈவிரக்கமில்லாத தீர்ப்புத்தான். விபுலானந்தரை நினைக்கும்போது எனக்கு அந்தத் தீர்ப்பின் மேல் கோபங்கூட வருகிறது. ஆனால் பூட்டின பெட்டிக்குள் என்ன இருந்தது என்று நமக்குச் சொன்னவர் அவர். இழந்தது என்ன என்று தெரியாமல் இழப்பதைவிடத் தெரிந்து இழப்பது மேல் அல்லவா?

நிற்க. சட்டைப் பையில் கம்பியோடு நான் அத்தை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். பொட்டலத்தைப் பிரித்துக் கம்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இது என்னடா, கம்பியா, சிலந்தி நூலா?" என்றாள். கிடார்க் கம்பி என்றேன். ஒன்றும் சொல்லவில்லை. நாகபாசத்தில் ஒரு முனையை மாட்டி, குதிரைமேல் ஏற்றி, பிரடையில் சுற்றி, அரை மணி நேரம் அதோடு மல்லாடினாள். சுருதி சேர்ந்தது. மெல்ல ஒரு தடவை மீட்டினாள், முகத்தைச் சுளித்துக்கொண்டாள்.

"குரல் ஒல்லியா இருக்கு. பழைய சாரணி மாதிரி இல்லே."

அந்தக் கடைக்காரர் சொன்னது சரிதான், அம்மா ஒத்துக்கொள்ளமாட்டாள் என்று நினைத்தேன். ஆனால் அவள் வீணையைக் கீழே வைக்கவில்லை. தோடியை எடுத்தாள். காந்தாரத்து மெட்டில் இரண்டு விரலையும் வைத்துத் தந்தியை இழுத்தாள். இரண்டு வருஷமாக அந்த இடத்துக்கு வந்ததும் அவள் பல்லைக் கடிப்பது வழக்கம். இன்றைக்குக் கடிக்கவில்லை. இன்னொரு தடவை இழுத்தாள். பிறகு இன்னொரு தடவை. காந்தாரம் இங்கும் அங்குமாக நிதானமாக ஆடிற்று. சமையலறையில் பால் பொங்கி வழிந்த வாசனை வந்தது. நான் எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன்.

கால் மணி கழித்து வீணையை நிறுத்திவிட்டு, விரலை நீட்டி மடக்கிப் பார்த்துக்கொண்டாள்.

"அந்தக் கடைப்பக்கம் மறுபடி போவியோ?"

"போகிறேன், அத்தை."

"போனா, இதிலேயே இன்னும் ரெண்டு வாங்கிண்டு வா."